கொம்பும் எலும்பும் செதுக்கும் தொழிலுக்கு ஒரு பெயரும் இடமும் கொடுங்கள்: பூம்புகார் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் (பூம்புகார்),
சென்னை.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சென்னை பெரியமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் எருமைக்கொம்பையும் மாட்டெலும்பையும் கையால் செதுக்கிப் பிழைக்கிறவன் நான். திருவனந்தபுரத்தில் இந்த வேலையைக் கற்று, பிறகு சென்னைக்குக் குடிவந்த என் ஆசானிடம் தொழில் பழகினேன். அவர் காலமாகிவிட்டார். அவரிடம் என்னோடு சேர்ந்து பழகியவர்களில் பெரும்பாலோர் தச்சுவேலைக்கும் ஆட்டோ ஓட்டுவதற்கும் போய்விட்டார்கள்; போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தன் தொழிலின் பெயரை எந்த விண்ணப்பப் படிவத்திலும் காணாத ஒருவன் எத்தனை நாள் அதே தொழிலில் இருப்பான்? தந்தத்திலிருந்தும் மான்கொம்பிலிருந்தும் முற்றிலும் வேறானது, சட்டத்துக்கு உட்பட்டது, இறைச்சிக்கூடத்தில் கழிவாக ஒதுக்கப்படும் பொருளைக் கொண்டு செய்யப்படுவது என்ற தெளிவோடு, கொம்பு மற்றும் எலும்புச் செதுக்கலைத் தங்கள் கழகம் தனியொரு கைத்தொழிலாகப் பெயர் சொல்லி ஏற்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

தொழிலைப் பார்த்திராதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எருமையின் கொம்பு என்பது உள்ளே ஓர் எலும்பு முளையும், அதன்மேல் உறைபோலக் கவிந்த கெரட்டினும் சேர்ந்தது. நம் நகமும் முடியும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான் கெரட்டின். கொம்பைப் பல நாள் தண்ணீரில் ஊறப் போட்டால் உள்முளையைப் பற்றியிருக்கும் சவ்வு அழுகித் தளரும், பிறகு தட்டினால் உறை தனியே கழன்று வரும். அந்த நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். கழன்ற உறையில் அடிப்பகுதி குழலாகவும் நுனிப்பகுதி மட்டும் திண்மையாகவும் இருக்கும். கொக்கு, மயில், மீன் போன்ற உருவங்களும் கத்திப் பிடிகளும் நுனியிலிருந்து பிறக்கின்றன. குழலாக உள்ள பகுதியை நெடுக அறுத்து, நீரில் வேகவைத்து, கரியடுப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டினால் அது இளகி விரியும். இளகிய நொடியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து வைஸில் இறுக்கிவிட வேண்டும். ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. சூடு குறைந்தால் விரியும்போதே கீறல் விடும், சூடு கூடினால் பொசுங்கிப் பொருக்காகிவிடும். எந்த அளவு சரியான அளவு என்பதை மூக்கும் விரலும்தான் சொல்லும், எந்த வெப்பமானியும் எங்களிடம் இருந்ததில்லை.

அப்படித் தகடாக்கிய கொம்பிலிருந்து ஒரு சீப்புச் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பின் இழை அடியிலிருந்து நுனிக்கு ஓடுகிறது. சீப்பின் பற்கள் அந்த இழையோடு ஓடுமாறு தகட்டில் கோடு போட வேண்டும். குறுக்கே போட்டால் முதல் வாரிலேயே பல் உடையும். மெல்லிய ரம்பத்தால் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே அறுத்த பிறகு, இரண்டு பற்களுக்கு நடுவே நுழையும் அளவுள்ள அரத்தைவிட்டு ஒவ்வொன்றின் இரு விளிம்பையும் உருட்ட வேண்டும், ஏனென்றால் மயிரைப் பிடித்து இழுப்பது பல்லின் நுனி அன்று, அந்த இடுக்குத்தான். பிறகு கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, கரித்தூளும் தேங்காயெண்ணெயும் தொட்ட துணியால் மெருகேற்றினால், கறுப்பு என்று நாம் நினைத்த கொம்பில் தேன்நிறமும் சாம்பல்நிறமும் வரிவரியாக எழும்பி வரும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சீப்பின் இடுக்கில் ஓர் ஓரக்கோடு எப்போதும் இருக்கும். கையால் உருட்டிய கொம்புச் சீப்பில் அது இருக்காது. வாங்குகிறவர் விலையைக் கேட்டுத் தயங்கும்போது நான் வாதம் செய்வதில்லை, அவருடைய விரலை அந்த இடுக்கில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

எலும்பின் குணம் வேறு. சூட்டுக்கு அது இளகாது, வளையாது. கால் எலும்பின் இரு முட்டுகளையும் அறுத்தெடுத்து, உள்ளிருக்கும் மஜ்ஜையை நீக்கி, சலவைச் சோடா போட்ட நீரில் காய்ச்சிக் கொழுப்பை இறக்க வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் சில மாதங்களில் பொருள் மஞ்சள் பூத்து நாறும். காய்ச்சல் மிஞ்சினாலோ எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் கரைந்து வெளியேற, உளி பட்டதும் உதிரும். நிழலில் உலர்த்தி, ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்த பிறகு கையில் கிடைக்கும் சுவர் விரல் கனத்துக்கு மேல் இருப்பது அரிது. அதனால்தான் எலும்பு வேலையில் பெரிய உருவங்கள் ஒரே துண்டில் வருவதில்லை; சிறு துண்டுகளைச் செதுக்கி, ஆணியும் பசையும் வைத்து இணைக்கிறோம். லக்னோவின் எலும்பு வேலைப்பாட்டில் காணும் சல்லடைச் செதுக்கலின் நுணுக்கம் பொருளின் இந்தக் குறுகலிலிருந்தே பிறந்தது என்பது என் எண்ணம்.

இனித் தந்தத்தையும் மான்கொம்பையும் பற்றி ஒளிவின்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலின் மேல் விழுந்திருக்கும் நிழல் அங்கிருந்துதான் வருகிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், இந்திய யானைத் தந்த வணிகத்தை முடித்துவைத்த 1986-ஆம் ஆண்டுத் திருத்தமும், இறக்குமதித் தந்தத்தையும் தடைக்குள் கொண்டுவந்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் சரியானவை. அவை வராமல் இருந்திருந்தால் இன்று யானைகளின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. மான்கொம்பின் நிலை கொஞ்சம் வேறு என்று சிலர் வாதிடுவார்கள். புள்ளிமானும் கடம்பை மானும் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கின்றன. அது எருமைக்கொம்பைப் போலக் கெரட்டின் உறை அன்று, முழுவதும் எலும்பு. உதிர்ந்ததை எடுத்தால் மானுக்கு என்ன கேடு என்று கேட்பார்கள். கிண்டி தேசியப் பூங்காவின் வேலியோரம் வாழும் நமக்கு அந்தக் கேள்வி எளிதாகவே எழும். ஆனால் உதிர்ந்த கொம்புக்கும் கொன்று வெட்டிய கொம்புக்கும், மெருகேற்றிய பிறகு யாராலும் வேறுபாடு காண முடியாது. கொம்புக்குச் சந்தை திறந்தால் வேட்டைக்கும் கதவு திறக்கும். எனவே உதிர்ந்தாலும் அது அரசின் உடைமையே என்று சட்டம் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். என் பட்டறைக்குள் அது நுழைந்ததும் இல்லை, நுழையப் போவதும் இல்லை.

நான் கேட்பது இதற்கு அடுத்த படி. தந்தம் தடை செய்யப்பட்டபோது அதைச் செதுக்கிய கைகள் பல ஊர்களில் வேறு பொருளுக்கு மாறின. லக்னோவில் எலும்புக்கு வந்தார்கள், திருவனந்தபுரத்தில் மரத்துக்கும் எருமைக்கொம்புக்கும் வந்தார்கள், மைசூரின் மரப்பதிப்பு வேலையில் தந்தம் இருந்த இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. சட்டத்தை மதித்துப் பொருளை மாற்றிக்கொண்ட அந்தக் கைவினைஞர்களையே தந்தம் விற்கிறவர்களைப் பார்க்கும் கண்ணால் பார்ப்பது என்ன நியாயம்? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்காக நான் அனுப்பிய எருமைக்கொம்புச் சீப்புகளும் பொத்தான்களும் ஒரு சரக்கு அலுவலகத்தில் மான்கொம்பு என்ற ஐயத்தில் நிறுத்திவைக்கப்பட்டன. ஐயப்பட்ட அலுவலர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால் இது எருமைக்கொம்பு என்று சொல்லக்கூடிய ஒரு தாளோ முத்திரையோ என்னிடம் இல்லை, அப்படியொன்றைத் தரக்கூடிய இடமும் எனக்குத் தெரியவில்லை. சரக்குத் திரும்பி வந்தபோது கண்காட்சி முடிந்திருந்தது.

இந்த ஐயத்தைத் தீர்ப்பது கடினமான அறிவியல் அன்று. மான்கொம்பைக் குறுக்கே அறுத்தால் வெளியே கெட்டியான வளையமும் நடுவே கடற்பஞ்சு போன்ற துளைகளும் தெரியும். எருமைக்கொம்பில் அந்தத் துளைப்பகுதி இல்லை. அடுக்கடுக்கான இழை தெரியும், மெல்லிய விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், பொசுக்கினால் மயிர் கருகும் மணம் வரும். எலும்பின் மேற்பரப்பில் இரத்தக்குழல்கள் ஓடிய தடங்கள் சிறு கோடுகளாகவும் புள்ளிகளாகவும் இருக்கும். தந்தத்தின் குறுக்குவெட்டில் அவை இரா, ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகளே இருக்கும். உண்மையில் கவனம் வேண்டியது காட்டுமாட்டின் கொம்பில். அதுவும் கெரட்டின்தான், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அந்த விலங்கு உண்டு, அது சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. முழுக்கொம்பாக இருக்கையில் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: காட்டுமாட்டின் கொம்பு உருண்டு, வெளிர்நிறமாய், நுனி மட்டும் கறுத்திருக்கும், எருமையினது தட்டையாய், மூன்று முகம் கொண்டு, குறுக்கு வரிகளோடு இருக்கும். செதுக்கிய பிறகு ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். வண்டலூரில் வன உயிரினப் பாதுகாப்புக்கான உயர்நிலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வன உயிரினக் குற்றத் தடுப்புப் பணியகத்தின் தென்மண்டல அலுவலகமும் சென்னையிலேயே இருக்கிறது. தங்கள் கழகம் முன்னின்று இவர்களோடு பேசி, முழுக்கொம்பாக வாங்கும் நிலையிலேயே பதிவு செய்து, செய்து முடித்த பொருளுக்கு எண்ணிட்ட ஒரு சான்றட்டை வழங்கும் முறையை உருவாக்கினால், எங்களுக்கும் பாதுகாப்பு, காட்டு விலங்குகளுக்கும் பாதுகாப்பு. அந்த அட்டை இல்லாத எந்தக் கொம்புப் பொருளையும் பறிமுதல் செய்யலாம் என்ற விதி வந்தாலும் அதை முதலில் வரவேற்பவன் நானாக இருப்பேன்.

சான்றட்டைக்கு அடிப்படை, பொருள் எங்கிருந்து வந்தது என்ற பதிவு. சென்னை மாநகராட்சியின் இறைச்சிக்கூடங்கள் பெரம்பூரிலும் பிற இடங்களிலும் இயங்குகின்றன. கொம்புக்காக எந்த விலங்கும் அங்கே கொல்லப்படுவதில்லை. இறைச்சியும் தோலும் போக மிஞ்சுவதுதான் கொம்பும் எலும்பும். எலும்பு பெரும்பாலும் மொத்தமாக ஜெலட்டினுக்கும் எலும்புத்தூள் உரத்துக்கும் போகிறது, கொம்பு தூளாக்கப்பட்டு உரமாகிறது. மொத்த வணிகர் லாரிக் கணக்கில் எடுக்கிறார், எங்களுக்கு வேண்டியது சில சாக்குகள். அந்தச் சில சாக்கை இரசீதோடு, முழுக்கொம்பாக, உடைக்காமல் வாங்க இன்று வழியில்லை. இடைத்தரகரிடம் இரசீதின்றி வாங்கியதை நாளை யாராவது கேட்டால் என்ன காட்டுவேன்? கால்நடை மருத்துவரின் சான்றோடு கழகம் மூலமாகவே மூலப்பொருள் கிடைத்தால் இந்தத் தொல்லை தீரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முர்ரா எருமைகள் பெருகியிருப்பதாலும் கன்றிலேயே கொம்பைச் சுடுவதாலும் நீண்ட கொம்பு கிடைப்பது குறைந்துவருகிறது; முர்ராவின் சுருண்ட கொம்பில் பொத்தானும் சிமிழும் செய்யலாம், கொக்கின் கழுத்துக்கு நீளம் போதாது. இருக்கும் நல்ல கொம்பு உரக்குழிக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

பட்டறையின் தூசியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். என் ஆசான் கடைசிக் காலத்தில் மூச்சுவிட மிகவும் சிரமப்பட்டார். எலும்பையும் கொம்பையும் இயந்திரத்தில் தேய்க்கும்போது எழும் தூள் மிக நுண்ணியது, துண்டைக் கட்டிக்கொண்டால் நிற்காது. ஈரத்தில் தேய்ப்பது, தூசியை உறிஞ்சும் குழாயைத் தேய்க்கும் சக்கரத்துக்கு நேர்கீழே வைப்பது, பொருத்தமான முகக்கவசம், ஆண்டுக்கொரு நுரையீரல் பரிசோதனை: இவை பெரிய செலவு அல்ல, ஆனால் தனி மனிதன் தன் சிறு பட்டறையில் தானே செய்துகொள்ளும் காரியமும் அல்ல. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் விலங்குப் பொருள்களின் வேதியியலில் நாட்டுக்கே வழிகாட்டி. எலும்பில் கொழுப்பை இறக்கும் முறையையும், நாற்றமின்றி உள்முளையைப் பிரிக்கும் முறையையும், கொம்பை அரிக்கும் புழுவிலிருந்து காக்கும் முறையையும் அவர்களிடம் கேட்டு எளிய கையேடாக்கித் தந்தால், இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்கும் காரணங்களில் பாதி நீங்கிவிடும். ஒரே பொதுப் பணிக்கூடம் அமைத்து, ஊறவைப்பதையும் காய்ச்சுவதையும் தேய்ப்பதையும் அங்கே செய்து, செதுக்குவதை மட்டும் வீட்டில் செய்யலாம் என்றால் பெண்களும் இதைக் கற்க முன்வருவார்கள். என் மனைவிதான் எங்கள் பட்டறையின் சீப்புப் பற்களை உருட்டுகிறவர். அவருடைய கை என்னுடையதைவிடச் சீரானது.

உத்தரப்பிரதேசத்தின் சம்பல் நகரைப் பாருங்கள். அங்கே கொம்பு வேலையை மாவட்டத்தின் அடையாளத் தொழிலாக அரசே ஏற்று வளர்த்தது. 2023-இல் சம்பல் கொம்புக் கைவினைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீட்டை வழங்கிய பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. சம்பலின் அளவுக்கு இங்கே தொழில் பெரிதன்று, அந்த உரிமையை நான் கோரவும் இல்லை. கோருவது விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரியைத்தான். மத்திய அரசு 2023-இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் கொம்பும் எலும்பும் செதுக்குகிறவன் இல்லை. கல் செதுக்குகிறவர் இருக்கிறார், பொம்மை செய்கிறவர் இருக்கிறார். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்திலும் எங்கள் தொழிலைப் பெயர் சொல்லிக் குறிக்குமாறு தங்கள் கழகம் பரிந்துரைக்க வேண்டும். தங்கள் வாழும் கைவினைப் பொக்கிஷம் விருதுக்கு மூத்த செதுக்குநர்களைத் தேடும்போது இந்தத் தொழிலையும் கருத்தில் கொள்ளுங்கள். தேடிப் போனால்தான் அவர்கள் கிடைப்பார்கள், ஏனென்றால் அவர்களில் பலர் இப்போது வேறு தொழிலின் பெயரில் கைவினைஞர் அடையாள அட்டை வைத்திருக்கிறார்கள்.

சந்தை இல்லை என்று சொல்வதற்கில்லை. கொம்புப் பொத்தானை விரும்பிக் கேட்கும் தையற்காரர்கள் இருக்கிறார்கள், கத்திப் பிடிக்கும் கைத்தடிப் பூணுக்கும் ஆள் இருக்கிறது. எனக்கு மிக நெருக்கமான இன்னொரு வேலையும் உண்டு. பழைய தஞ்சாவூர் வீணைகளின் குடத்திலும் தண்டியிலும் தந்தமும் மான்கொம்பும் பதித்து நுண்கோடு கீறியிருப்பார்கள். மயிலாப்பூரில் பழுது பார்க்க வரும் அத்தகைய வீணையில் ஒரு சில்லு பெயர்ந்துபோனால், இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக்கைத்தான் ஒட்டுகிறார்கள். அது சில ஆண்டுகளில் பழுத்துச் சுருங்கிக் கழன்றுவிடும், பழைய பதிப்பின் நிறத்தோடும் ஒட்டாது. நன்றாகக் கொழுப்பிறக்கிய எலும்பைச் சீவி, பழைய கோட்டின் போக்கிலேயே கீறி, கறுப்பு மெழுகு தேய்த்துப் பதித்தால் கண்ணுக்கு இசைவாகவும் இருக்கும், சட்டத்துக்கும் பொருந்தும். இதை நான் செய்து பார்த்திருக்கிறேன். வீணை செய்கிறவர்களையும் எங்களையும் ஒரே பயிற்சியில் உட்காரவைத்தால் இரு தொழிலும் பயன்பெறும்.

தமிழ் மண்ணுக்கு இது புதிய வேலையும் அன்று. கீழடி அகழாய்வில் எலும்பில் தீட்டிய கூர்முனைகளும் தந்தத்தில் செய்த தாயக்கட்டையும் கிடைத்தன; அந்தக் கூர்முனைகள் நெசவில் பயன்பட்டிருக்கலாம் என்பது தொல்லியல் துறையின் கருத்து. அந்தப் படங்களைப் பார்க்கும்போது முனை தீட்டியவனின் அரம் எந்தப் பக்கமாக ஓடியிருக்கும் என்றுதான் என் கண் தேடுகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியத் தந்தச் செதுக்கல் தொழிலைப் பற்றி 1901-இல் தனி அறிக்கை எழுதி அச்சிட்டார். அவருக்குப் பிறகு பொருள் மாறியது, கருவிகள் மாறின, செதுக்குகிறவர்கள் ஊர் மாறினார்கள். இன்று கொம்பிலும் எலும்பிலும் வேலை செய்கிறவர்கள் தமிழ்நாட்டில் எங்கெங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள், யாரிடம் கற்றார்கள் என்ற பதிவைத் தங்கள் கழகமும் அருங்காட்சியகமும் சேர்ந்து தொடங்க வேண்டும். இப்போது தொடங்கினால் கேட்டு எழுத ஆள் உயிரோடு இருக்கிறார்கள்.

பயிற்சிக்கு இடம் தேடவேண்டிய அவசியமும் இல்லை என்று நினைக்கிறேன். சுவாமிமலையில் வார்ப்புச் சிலைக்கும், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக்கும், மாமல்லபுரத்தில் கல்வேலைக்கும் கழகம் உற்பத்தி நிலையங்களை நடத்திய பழக்கம் இருக்கிறது. அவற்றில் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மாமல்லபுரத்தில் ஒரு கூடம் ஒதுக்கினாலே முதல் குழுவுக்குப் போதும். உளி பிடிக்கத் தெரிந்த கல்தச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொம்பு விரைவில் வசப்படும், இளகும் பொருளைக் கையாளும் பதம் மட்டும் அவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

மேலே சொன்ன வேறுபாடுகளைக் கண்ணால் கண்டறிய உதவுமாறு, அறுத்த எருமைக்கொம்பு, எலும்புத் துண்டுகளையும், செதுக்கி முடிக்காத ஒரு சீப்பையும், முடித்த ஒரு சீப்பையும் தங்கள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க அனுமதி வேண்டுகிறேன். வனத்துறை அலுவலர்களுக்கோ, சரக்குப் பதிவு அலுவலர்களுக்கோ செய்து காட்டும் வகுப்பு ஒன்றை நடத்தத் தாங்கள் முடிவு செய்தால், ரம்பம், அரம், கரியடுப்பு ஆகியவற்றோடு எந்த நாளிலும் வரத் தயாராக இருக்கிறேன். அதற்குக் கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெரியமேட்டுப் பகுதிக் கொம்புச் செதுக்குநர் ஒருவர்,
சென்னை.